கூப்பிட்டும் எழாத பெஞ்சு

பிசியோதெரபி என்பது, வலிக்கிறது என்று வந்தவரை இன்னும் கொஞ்சம் வலிக்கவைத்து, கடைசியில் அவர் வாயாலேயே "நல்லா இரு கண்ணு" என்று வாழ்த்தும் வாங்கிக்கொள்கிற தொழில்.

கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கும், இடுப்புக்குத் தலையணை அணை கொடுத்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் அந்தக் கட்டிலில் படுத்தவர்கள், நான் பக்கத்தில் நின்றவன். வித்தியாசம் அவ்வளவுதான். திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் எனக்கு முதல் வேலை. 2007, 2008 வாக்கில். கை புதிது. குரல் மட்டும் அப்போதும் இப்போதும் சின்னது. "இந்தத் தம்பி பேசுதது சட்டைப் பைக்குள்ள இருந்து பேசுத மாதிரில்லா இருக்கு" என்பார் எஸ்தர் அக்கா. நாசரேத் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு என்னிடம் அனுப்புவது அவர் வேலை. எனக்கும் சேர்த்து அவருக்குக் குரல் இருந்தது.

படுத்துக்கொண்டே மிதித்தவர்

மங்கலத்திலிருந்து ஓவர்லாக் டெய்லர் ஒருவர் முதுகுவலியோடு வருவார். குப்புறப் படுக்கவைத்து, முதுகில் வெந்நீர் ஒத்தடப் பையை வைத்துத் துண்டால் மூடிவிட்டால் அடுத்த நிமிடம் தூங்கிப்போவார். உடம்பு தூங்கும், ஆனால் வலது கால் மட்டும் தூங்காது. கட்டிலின் ஓரத்தில் அது மெதுவாக அழுத்தும், விடும், அழுத்தும், விடும். ஒரு பனியனுக்குத் தோள்பட்டை அடித்து, திருப்பி, பக்கவாட்டில் அடித்து, கத்தரித்து, அடுத்த பனியன். உற்றுப் பார்த்தால் எந்த இடத்தில் தையல் திரும்புகிறது என்றுகூடத் தெரியும்.

அந்த வருடங்களில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் சாயங்காலம் பட்டென்று போனது. அதே நொடியில் அந்தக் காலும் நின்றது. மின்விசிறி நின்றதை உணர்ந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒத்தடம் ஆறிவிடும் என்று அந்த அறையில் மின்விசிறியே போடுவதில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது. கண்ணைத் திறக்காமல், மூச்சுக்கூட மாறாமல், அவர் சொன்னார்: "கரண்ட் போயிருச்சுங்க, வாங்க, ஒரு டீ குடிச்சுட்டு வந்துரலாம்."

கடைசி பெஞ்சு

வெளியே சுவரோரமாக ஒரு நீள பெஞ்சு. வாரத்தில் ஒருநாள் அதில் ஐந்தாறு பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். காலையில் நான் வரும்போதே இருப்பார்கள், மதியம் சாப்பிடப் போகும்போதும் இருப்பார்கள். பேச்சில்லை, இருமல் இல்லை. மற்ற பெஞ்சுகளில் இருந்தவர்கள் அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய்க்குப் போகும்போது தானாகவே குரலைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரு கிழவர், மடியில் கால்கள் கத்தரிபோல் பின்னிய ஒரு குழந்தையோடு ஒரு தாய், தலையைக் குனிந்த ஒரு நடுவயசுக்காரர். அவர் பக்கத்தில் பதினெட்டு பத்தொன்பது வயதுப் பெண். அவளுடைய வலது கை மடியில் இருந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

எஸ்தர் அக்கா கூப்பிடுவார். "மருதி!" ஆஸ்பத்திரியே அதிரும். யாரும் எழ மாட்டார்கள். "மருதி!" அப்போதும் இல்லை. அடுத்த பெயர். அதற்கும் அந்தப் பெஞ்சு அசையாது. சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு எழுந்து போய்விடுவார்கள். அடுத்த வாரம் திரும்ப வருவார்கள். வேறு யாருக்கோ துணையாக வந்தவர்கள் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். மூன்றாவது வாரம் எஸ்தர் அக்கா என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். கழுத்துச் சிலுவையைப் பிடித்திருந்தார். "தம்பி, அந்தப் பெஞ்சுல ஆளு இருக்காவளா, இல்ல எனக்கு மட்டுந்தான் தெரியுதாவளா? நீ ஒரு தடவ போயி பாத்துச் சொல்லு."

"இப்பத்தான் கூப்பிட்டீங்க"

போனேன். அந்தப் பெண்ணின் முன்னால் குனிந்து, "நீங்கதான் மருதிங்களா?" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். கேட்கவில்லை போல என்று மறுபடியும், "மருதிங்களா?" காது கேட்கிறது என்பது அவர்கள் கண்ணில் தெரிந்தது. பதில் மட்டும் இல்லை.  கடைசியாக ஒருமுறை, எனக்கே கேட்காத குரலில், "மருதி?" என்றேன்.

ஐந்தாறு பேரும் ஒன்றாக மூச்சுவிட்டார்கள். பெண் எழுந்து நின்றாள். அவள் அப்பா சடையன், அந்த நடுவயசுக்காரர், வாய் திறந்தார். உடுமலைக்குத் தெற்கே மலையில், வேங்கைப்பதி என்ற பழங்குடி செட்டில்மெண்ட் அவர்களுடையது. அங்கே காட்டில் ஒருதடவை கூப்பிடுவது எதுவாகவும் இருக்கலாம். இரண்டாவது தடவை கூப்பிடுவதும் அப்படித்தான். மனுசன் மட்டும்தான் மூன்றாவது தடவை கூப்பிடுவான். அதற்கு முன்னால் "ஏன்" என்று குரல் கொடுத்துவிட்டால், கொடுத்தவர், கூப்பிட்டது எதுவோ அதற்குச் சொந்தம். காங்கேயத்தில் அம்மாவைப் பெற்ற என் அப்புச்சியும் இதே கதையைச் சொல்லி என்னைக் கட்டிலுக்கடியில் பதுங்கவைத்திருக்கிறார். நாங்கள் அதைக் கதையாக விட்டுவிட்டு வந்துவிட்டோம், இவர்கள் அதன்படி உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்கள். எல்லா மலையிலும் இப்படியா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்தது இந்த ஒரு பதிதான். "மூணு வாரமா ஏனுங்க ஒரு வார்த்தை கேக்கலை?" என்றேன். சடையன் நிதானமாகச் சொன்னார்: "இந்த ஊர்ல எங்களை யாரும் கூப்பிடலைங்க. நீங்க இப்பத்தான் கூப்பிட்டீங்க."

கார்டிங் மெஷின் பக்கம்

மருதியின் கையைக் கட்டிலில் வைத்துப் பிரித்துப் பார்த்தபோதுதான் அந்த மூன்று வாரம் என்ன செய்திருக்கிறது என்று தெரிந்தது. பல்லடம் பக்கம் ஒரு நூல்மில்லில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தவள். பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினில் ஒட்டியிருந்த பிசிறை எடுக்கும்போது கை உள்ளே போய்விட்டது. அறுந்த தசைநாண்களை ஆபரேஷனில் தைத்துவிட்டார்கள். ஆனால் தைத்ததோடு வேலை முடிவதில்லை. தினமும் மெழுகு ஒத்தடம் கொடுத்து, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டி, தைத்த இடம் பக்கத்துச் சதையோடு ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சில மாதம் விட்டுவிட்டால் விரல்கள் உள்நோக்கி மடங்கி அப்படியே நின்றுபோகும். அப்புறம் யார் வந்தாலும் திறக்காது. அவளுடைய கை ஏற்கனவே பாதி மூடியிருந்தது.

விரலை நீட்டிக்கொண்டே, எப்படிம்மா ஆச்சு என்றேன். பேச்சுக்கொடுத்தால் வலி தெரியாது, இது எங்கள் தொழில் தந்திரம். "கூப்பிட்டாங்க, திரும்பினேன்" என்றாள். யார்? "தெரியலைங்க. மருதின்னு ஒரே தடவை. மில்லுக்கு வந்து ஒரு வருசத்துல, கூப்பிட்ட உடனே ஏன்னு கேட்டுப் பழகிருச்சு. திரும்பினா அங்க யாருமில்ல. கை மட்டும் உள்ள போயிருச்சு." சடையன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பகுத்தறிவோடுதான் யோசித்தேன். கூட வேலை செய்த யாராவது கூப்பிட்டிருப்பார்கள், பயத்தில் இப்போது ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த வாரம் ஆபரேஷன் செலவு விஷயமாக வந்த மில் சூப்பர்வைசரிடம் நைசாகக் கேட்டும் பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அந்த இடத்துல யாரும் யாரையும் கூப்பிட முடியாதுங்க சார். பக்கத்துல நின்னு கத்துனாலும் மெஷின் சத்தத்துல காதுல விழாது. நாங்களே விசில்தாங்க ஊதுவோம்."

மூணாவது மட்டம்

எஸ்தர் அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, இனிமேல் எல்லோரையும் மூன்று தடவை கூப்பிடுங்கள் என்றேன். "ஒரு நாளைக்கு அறுவது பேரு வாறாவ. மூணு மட்டம் கூப்பிடதுக்கு என் தொண்டை என்ன கோயில் மணியா?" என்று சத்தம் போட்டார். ஆனாலும் கூப்பிட்டார். மூன்றாவதுக்கு அந்தப் பெஞ்சிலிருந்து கிழவர் எழுந்தார், அடுத்த மூன்றாவதுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் எழுந்தாள். எஸ்தர் அக்காவுக்கு ஒரே பெருமை.

பெருமை ஒரு வாரம்தான். ஒருநாள் பழைய சீட்டு ஒன்று கலந்துவிட்டது. போன மாதம் தவறிப்போன ஒரு சாயப்பட்டறைக்காரருடைய பெயர். அக்கா தெரியாமல் ஒருதடவை கூப்பிட்டார், இரண்டாவது தடவையும் கூப்பிட்டார், அப்புறம்தான் யார் என்று ஞாபகம் வந்தது. சீட்டைக் கீழே போட்டுவிட்டு என் அறைக்கு வந்தவர் அன்று முழுக்க வெளியே போகவில்லை. போய்க் கூப்பிடுங்களேன், ஜனங்கள் காத்திருக்கிறார்களே என்றேன். "நீ பேசாம இரு தம்பி. ரெண்டு மட்டம் கூப்பிட்டாச்சு. வேற பேரச் சொல்லுதேன்னு வாயத் திறந்து, பழக்கத்துல அந்தப் பேரே மூணாவதா வந்து, அங்க எவனாவது எந்திச்சிட்டாம்னா?"

மண்ணில் இரண்டு கோடு

இதற்கிடையே மருதி இரண்டு வாரம் வரவில்லை. வேங்கைப்பதியிலிருந்து திருப்பூர் வரவேண்டும் என்றால் இருட்டிலேயே இறங்க வேண்டும். யானைத் தடத்தில் நடை, அடிவாரத்தில் ஒரு பஸ், உடுமலையில் இன்னொரு பஸ். திரும்பிப் போகும்போதும் இருட்டு. தினமும் செய்யவேண்டிய வைத்தியத்தை வாரம் ஒருதடவை செய்துகொண்டிருந்தோம், மழை பிடித்ததும் அதுவும் நின்றது. பொறுக்கமாட்டாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கிளம்பிப் போனேன். பதியின் வாசலில் நல்ல வெயில். ஒரு நாய்கூட இல்லை. அடுப்பில் புகை மட்டும் இருந்தது. "சடையண்ணா" என்றேன். ஒன்றுமில்லை. மறுபடி. மூன்றாவது தடவை கூப்பிட்டதும் வீட்டுக்குப் பின்னாலிருந்தும் மரத்துக்குப் பின்னாலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவ்வளவு நேரமும் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

மண்ணில் இரண்டு கோடுகள் இணையாகப் போயின. வழவழவென்று, பல காலமாக ஏதோ ஒன்று தன்னை இழுத்துக்கொண்டு போன தடம். அதன் பின்னாலேயே போனேன். ஒரு குடிசைக்குள் முடிந்தது. உள்ளே குப்பன் என்பவர் உட்கார்ந்திருந்தார். தேன் எடுக்க ஏறி விழுந்து இரண்டு தொடையும் முறிந்தவர். எலும்பு கூடிவிட்டது, முட்டி இறுகிவிட்டது, யாரும் அதை மடக்கி நீட்டச் சொல்லித்தரவில்லை. கைகளை ஊன்றி இரண்டு காலையும் இழுத்துக்கொண்டு அவர் போய்வந்த தடம்தான் அது. யானை வந்தால் என்னங்க செய்வீர்கள் என்றேன். "எல்லாரும் ஓடுவாங்க. நான், நீ போ சாமின்னு அதுகிட்டச் சொல்லிட்டு உக்காந்துக்குவேன்" என்று சிரித்தார்.

அவர் முட்டியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெளியே காட்டுப் பக்கமிருந்து, "டாக்டரே" என்று யாரோ கூப்பிட்டார்கள். தெளிவாக, பழகிய குரல் மாதிரி. மருதியாக்கும் என்று நினைத்தேன், ஆனால் மருதி குடிசை வாசலிலேயே நின்றிருந்தாள். "இதோ" என்று சொல்ல வாயெடுத்தேன். சடையனுடைய கை வந்து என் வாயைப் பொத்தியது. பச்சை இலை வாசம் அடித்தது அந்தக் கையில். எல்லோரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். வேறு சத்தமே இல்லை. பொத்திய கையை எடுக்காமலே சடையன் என் காதில் சொன்னார்: "இருங்க டாக்டரே. இன்னும் ரெண்டு பாக்கி இருக்குது."

இரண்டாவது வரவே இல்லை.

வண்டி கேட்ட கதை

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வேன் இருந்தது. உள்ளே ஒரு கட்டில், மெழுகுச் சட்டி, கொஞ்சம் சாமான். தினமும் ஒவ்வொரு கம்பெனியாகப் போய் டெய்லர்களின் கழுத்தைப் பார்த்துவிட்டு வரும். அது வாரம் இரண்டு நாள் மலையடிவாரத்துக்கு வரட்டும் என்று கேட்க டிரஸ்ட் செயலாளர் ஐயாவிடம் போனேன். பொங்கலூர்ப் பக்கம் தோட்டமும் திருப்பூரில் கம்பெனியும் உள்ளவர். மேசை நிறையத் துணி சாம்பிள். எனக்கும் காபி சொன்னார்.

"நீங்க சொல்றது நல்ல காரியந்தானுங்க. ஆனா அவங்க இங்க வந்தே கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேங்கறாங்கன்னு ஆபீஸ்ல சொல்றாங்களே. வராதவங்களுக்கு வண்டி எதுக்குங்க?" என்றார். வராதவர்கள் இல்லை ஐயா, இருட்டில் யானைத் தடத்தில் நடந்து வந்து, கூப்பிடுவார்கள் என்று சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தவர்கள் என்றேன். ஓவர்லாக் டெய்லருக்கு வலிக்கிற மாதிரிதான் தேன் எடுக்கிறவருக்கும் வலிக்கும், டெய்லர் இருக்கிற இடத்துக்கு நாம் போகிறோம், இவர்கள் மட்டும் நாம் இருக்கிற இடத்துக்கு வரவேண்டும் என்று யார் வைத்த சட்டம் என்றும் கேட்டேன். என் வாழ்நாளிலேயே அதிகச் சத்தமாகப் பேசிய நாள் அதுதான். மூன்று தடவை விஷயத்தையும் சொன்னேன்.

அவர் துணி சாம்பிளைத் தடவினார். சிரிக்கவில்லை. "எங்க ஊட்டுலயும் ஒருத்தர் இருந்தாருங்க, எங்க சின்ன ஐயன். கெணத்து மேட்டுல யாரோ கூப்பிட்டாங்கன்னு ஒரே சத்தத்துக்கு ஏன்னுட்டுப் போனாரு" என்றார். அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. காபி டம்ளரை நகர்த்தி வைத்தார். "சரிங்க கண்ணு, ஒரே ஒரு முகாம் போடுங்க. நானே வர்றேன், டிரஸ்டிகளையும் கூட்டியாறேன். நாலு பேரு எந்திரிச்சு வந்துட்டா வண்டி உங்களுக்கு. வரலீன்னா, அதுக்கப்புறம் என்னைக் கேக்கப்படாது."

பாறை

அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை முகாம். எஸ்தர் அக்காவுக்கு அன்று சர்ச், வரவில்லை. டிரஸ்டிகளில் ஒருவர், முகாம் என்றால் மைக் இல்லாமலா என்று உடுமலையிலிருந்து சவுண்ட் சர்வீஸ்காரரைக் கூட்டிவந்திருந்தார். நானும் சந்தோஷப்பட்டேன், குரல் சின்னவன் அல்லவா. ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை சொல்லவேண்டும் என்று மைக்காரரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். வேங்கைப்பதியே இறங்கி வந்து புளியமரத்தடியில் நின்றது. குப்பனைத் துப்பட்டியில் தொட்டில் கட்டித் தூக்கி வந்திருந்தார்கள். அன்றைக்கு வண்டி கிடைத்தால் மருதியின் கை பிழைக்கும். அந்த விரல்கள் இறுகிப்போக இன்னும் சில வாரம்தான் மீதி. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நான் பார்க்காமல் விட்டது, பள்ளிக்கூடத்தை ஒட்டி ஓடிய ஓடைக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே நின்ற பாறையை. "மருதி" என்றது குழாய் ஸ்பீக்கர். ஒரு மூச்சு விடும் நேரம். "…ருதி" என்றது பாறை. போனது ஆண் குரல். திரும்பி வந்தது ஆணா பெண்ணா என்று சொல்லமுடியாத ஒன்று. மைக்காரர் சொன்ன சொல் தவறாமல் மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் பாறை கூப்பிட்டது. மனுசன் கூப்பிட்டான், சரி. பின்னாலேயே கூப்பிட்டது யார்? புளியமரத்தடியில் ஒரு சேலை நுனிகூட அசையவில்லை. அடுத்த பெயர், அடுத்த பெயர். ஒவ்வொருவர் பெயரையும் மலை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. மத்தியான வெயிலில் எனக்குக் குளிர்ந்தது.

மைக்கை நிறுத்துங்கள் என்று ஓடினேன். ஜெனரேட்டர் சத்தத்தில் என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. செயலாளர் ஐயா நாற்காலியை விட்டு எழுந்து, வருத்தமாகவே சொன்னார், "நீங்க சொன்னாப்பல கூப்பிட்டாச்சுங்க. கெளம்பலாங்களா?" வேன் டிரைவர் கதவைத் திறந்தார். மைக்காரர் என்ன நினைத்தாரோ, தானாகவே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "மருதி."

பாறை வாய்திறப்பதற்கு முன்னால் ஒரு குரல் வந்தது. "ஏன்! இங்கதான் இருக்கறேன்!"

அதன் பிறகுதான் பாறை பேசியது. இரண்டு குரலும் ஒன்றோடொன்று கலந்து திரும்பி வந்தன. கூப்பிட்டது எது, பதில் சொன்னது எது என்று பிரிக்க முடியவில்லை. மருதி வெயிலுக்குள் நடந்து வந்துகொண்டிருந்தாள். அவள் தோளைப் பிடித்திருந்த சடையனுடைய கை, தோள் போன பிறகும் அந்தரத்தில் அப்படியே நின்றது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் மேசைமுன் உட்கார்ந்து, இடது கையால் வலது கையைத் தூக்கி என் முன்னால் வைத்தாள். நான் ஒவ்வொரு விரலாகப் பிடித்தேன். மரத்தடி முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு ஏதாவது ஆகிறதா என்று. காற்றுகூட இல்லை. சுண்டுவிரல் வரைக்கும் வந்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. "என்னையும் தூக்குங்கடா" என்றார் குப்பன். தொட்டில் எழுந்தது. பின்னால் குழந்தையோடு அந்தத் தாய், கிழவர், அப்புறம் நான் முன்பின் பார்த்திராத முகங்கள். செயலாளர் ஐயா நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து டிரைவரிடம் கதவைச் சாத்தச் சொன்னார்.

பயமாக இல்லையாம்மா என்று மருதியிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் பாறையின் பக்கம் ஒருதடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பயந்தானுங்க. கூப்பிடறது மனுசனா வேற எதாச்சுமான்னு பாத்துட்டு உக்காந்திருக்க, இந்தக் கைக்கு நேரமில்லைங்களே."

செவ்வாயும் வெள்ளியும்

செயலாளர் ஐயா சொன்ன சொல் காப்பாற்றினார். செவ்வாயும் வெள்ளியும் வேன் போனது. மைக் கிடையாது. பாறைக்கு முதுகைக் காட்டி வண்டியை நிறுத்துவோம். ஆட்களின் பக்கத்திலேயே போய் நின்று, என் சட்டைப்பைக் குரலால் கூப்பிடுவேன். அதற்கு அந்தக் குரல்தான் சரி என்று தெரிந்துகொண்டேன். குழந்தையின் கால்களுக்கு அதன் தாய் எனக்கு மேலாகப் பயிற்சி கொடுத்தாள். குப்பன் இரண்டு கம்பு ஊன்றி எழுந்து நின்றார். மண்ணில் இருந்த கோடுகளை அடுத்து வந்த மழை பாதி அழித்தது.

மருதியின் கை முழுதாகத் திறக்கவில்லை. பெஞ்சில் போன வாரங்களை யாரும் திருப்பித் தர முடியாது. மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளேயே நின்றுவிட்டன. கட்டைவிரலும் இரண்டு விரலும் அவளுக்குத் திரும்பக் கிடைத்தன. ஒரு வெள்ளிக்கிழமை டிரைவர் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினார். அவள் யோசிக்காமல் வலது கையை நீட்டி டம்ளரை வாங்கினாள். வாங்கிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்தது, அப்படியே நின்றாள்.  ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. சடையன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான்: "சூடா இருக்குது, பாத்துப் புடி."

மொத்தத்தில், இந்தத் தொழிலில் முதலில் தேயவேண்டியது நோயாளியின் முட்டி அல்ல, ஆஸ்பத்திரி வண்டியின் டயர்.